பாப்பா சோப்பு

அண்ணன் முதன்முதலில் காய்ச்சிய சோப்பு இறுகவே இல்லை. பலகைப் பெட்டியில் ஊற்றி, மேலே சாக்கைப் போர்த்திவிட்டு, மறுநாள் காலையில் சாமி கும்பிட்டுத் திறந்தார். உள்ளே கேப்பைக் கூழ் ஆறிக் கிடப்பதுபோல் கிடந்தது. விரலை வைத்தார், குழி விழுந்து மெல்ல மூடிக்கொண்டது. தலைப்பிரசவத்துக்காக விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு, பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன் நான். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கைல இருந்த வேலைய வுட்டுட்டு இதத்தான் கிண்டிக்கினு இருந்தீங்களா?" என்றார். அண்ணன் தூங்கும் பிள்ளையைப் போர்த்துவதுபோலச் சாக்கை மறுபடியும் இழுத்து மூடினார்.

அதற்கு முன் அவர் வேர்க்கடலை மண்டியில், எங்கள் பேச்சில் மல்லாட்டை மண்டியில், கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நல்ல வேலை, கௌரவமான முதலாளி. ஆனால் மண்டியிலிருந்து எண்ணெய்ப் பீப்பாய்கள் ரயிலேறிப் போவதையும், அதே ரயிலில் சீமைச் சோப்புப் பெட்டிகள் வந்து இறங்குவதையும் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு பொறுக்கவில்லை. "நம்ம எண்ணெய் நம்மகிட்டயே சோப்பா திரும்பி வருது, நாம வேடிக்க பாத்துக்கினு கீறோம்" என்பார். சென்னையில் தெரிந்தவர் ஒருவரிடம் தொழிலைக் கேட்டறிந்து வந்தார். வீட்டுக் கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டு, இரும்புக் கொப்பரை ஒன்றை வைத்தார். எங்கள் பக்கத்தில் துணிக்கு உவர்மண்ணும் தலைக்குச் சீயக்காயும் போதும் என்றிருந்த காலம் அது. சோப்பு விற்க முடியும் என்று அவரைத் தவிர யாரும் நம்பவில்லை.

அந்த ஆண்டு முழுவதும் அண்ணன் இரண்டு ஆளாக இருந்தார். கொப்பரையில் கலவை திரண்டு வந்த நாளில் அண்ணியைக் கூப்பிட்டு, "வந்து பாரு, வெண்ண மாதிரி கீது" என்று சிறுபிள்ளை போலக் குதிப்பார். தெருவில் போகிறவர்களையெல்லாம் உள்ளே அழைத்துக் காட்டுவார். மழை பிடித்து, அடுக்கிவைத்த கட்டிகளெல்லாம் வியர்த்து ஒழுகிய நாளில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். சாப்பாடு எடுக்காது. அண்ணி தட்டை வைத்துவிட்டு, "சோப்பு எளகினா சோறு என்னா பண்ணுச்சி, எழுந்து துன்னுங்க" என்று அதட்டுவார். பிறகு ஒரு நாள், மல்லாட்டை எண்ணெயோடு தேங்காயெண்ணெயும் கொஞ்சம் சேர்த்தபோது கட்டி கல்லாக நின்றது. தன் மகளைக் கூப்பிடும் பெயரையே அதற்கு வைத்தார். மரத்தில் அச்சு செதுக்கி, ஒவ்வொரு கட்டியிலும் 'பாப்பா' என்று குத்தினார்.

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்கு எதிரே என் வீட்டுக்காரருக்கு மளிகைக் கடை இருந்தது. ரயில்வே குடும்பங்கள்தான் சோப்பு வாங்குகிறவர்கள் என்பதால் அண்ணன் அங்கேதான் சரக்கைப் போட்டார். ஒரு நாள் ரயில் கார்டு ஒருவரின் மனைவி கடைக்கு வந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். தோல் பொத்துச் சிவந்திருந்தது. அந்தச் சோப்பு காய்ச்சிய கொப்பரையில் காஸ்டிக் சோடாவின் காரம் கூடிவிட்டிருக்கிறது. அண்ணன் அப்போது கடையில்தான் இருந்தார். அந்த அம்மாவின் பின்னாலேயே ரயில்வே குடியிருப்புக்குப் போனவர், கை ஆறும்வரை தினமும் போய் அந்த வீட்டுத் துணிகளைத் தானே துவைத்துக் கொடுத்தார். பொதுக் குழாயடியில், நாலு பேர் பார்க்க.

எங்கள் சாதிசனத்தில் அது பெரிய பேச்சாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கூசிப்போனார். "மானம் போவுது. உங்க அண்ணன ஜல்தியா ஊருக்கு அனுப்பு" என்று என்னிடம் சீறினார். அண்ணனோ துவைத்த கையோடு வந்து, "காரம் போட்டவன் நான். கை எரியறது அவங்களுக்கா?" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்தக் குழாயடிதான் அவருக்கு வழி திறந்தது. இப்படி ஒரு மனிதன் காய்ச்சுகிற சோப்பு என்று அந்தக் குடியிருப்பு முழுவதும் வாங்கத் தொடங்கியது. பிறகு வளவனூர்ச் சந்தை, கண்டமங்கலம், ஒலக்கூர் என்று பரவியது. கூசிப்போன என் வீட்டுக்காரரே வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி விற்றார். காலை ரயிலில் பெட்டிகளோடு வந்து இறங்கும் அண்ணனின் முகத்தில் அந்த நாட்களில் இருந்த வெளிச்சத்தை நான் வேறு எவர் முகத்திலும் பார்த்ததில்லை.

உலகச் சண்டை வந்தது. காஸ்டிக் சோடா ஏற்றி வந்த கப்பல்கள் நின்றன. இருந்த கொஞ்சத்துக்கும் பர்மிட் வேண்டும் என்றார்கள். அதிகாரிகளிடம் பேசிப் பழக்கமுள்ளவர் என் வீட்டுக்காரர். "கடை லைசென்ஸ் எம்பேர்ல இருக்குது. பர்மிட்டும் எம்பேர்லயே வாங்கிடலாம். யாரு பேர்ல இருந்தா என்னா மச்சான், நாம என்னா வேறயா?" என்றார். அண்ணன் தலையாட்டினார். பர்மிட் விழுப்புரத்துக்கு வந்ததால் கொப்பரையும் விழுப்புரத்துக்கு வந்தது. தங்கை வீடுதானே என்று அண்ணனும் திண்டிவனத்துக் கொட்டகையைப் பிரித்துவிட்டு வந்தார்.

சில மாதங்களில், எடை கூட்ட என் வீட்டுக்காரர் சொல்லி, சோப்பில் மாக்கல் பொடி விழத் தொடங்கியது. கட்டி கனத்தது, நுரை போயிற்று. தட்டுப்பாட்டுக் காலமாதலால் விற்பது மட்டும் குறையவில்லை. அண்ணன் கடைக்கு வந்து நின்றார். நான் உள்கதவோரம் இருந்தேன்.

"கல்லப் போட்டுத்தான் விக்கணும்னா எம்பொண்ணு பேர எடுத்துடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரு பர்மிட்ல ஏறிப்போச்சி மச்சான். பொண்ணு உங்களுது. அத யாரு கேட்டாங்க, கூட்டிக்கினு போங்க."

அன்று நான் வாயைத் திறந்தேன். எல்லாம் அண்ணன் போட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று கடை வாசலிலேயே கத்தினேன். "உங்கண்ணனுக்குக் காய்ச்சத் தெரியும். எனக்கு விக்கத் தெரியும். சண்டக் காலத்துல விக்கறவந்தான் நிப்பான். உள்ள போ, பேஜாரு பண்ணாத" என்றார் அவர். அண்ணன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையமர்த்தினார். அந்தக் கை அமர்த்தலை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அவரும் கத்தியிருக்க வேண்டும். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக்கு ரயிலேறினார். பழைய மண்டியிலேயே மறுபடி சேர்ந்தார், தனக்குக் கீழே வேலை கற்றவருக்குக் கீழே.

இப்போது அண்ணனும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. சோப்புக் கம்பெனியை என் மகன் நடத்துகிறான். போன மாதம் அங்கே விழா. என் வீட்டுக்காரர் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே 'நிறுவனர்' என்று அச்சடித்த அழைப்பிதழைக் கொண்டுவந்து, குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டான். வரமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டான். அவன் அக்காள் கல்யாணத்தில் நடந்ததைச் சொன்னேன்.

சண்டை முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு நடந்த கல்யாணம் அது. தாய்மாமன் வராமல் காரியம் நடக்குமா? அண்ணன் வந்தார், அண்ணியும் வளர்ந்துவிட்ட பாப்பாவும் கூடவே. சீர்த்தட்டைக் கையில் ஏந்தி நின்றவரை, புதுச்சேரி வியாபாரி ஒருவருக்கு என் வீட்டுக்காரர் காட்டினார்: "இவரு நம்ம மச்சான். ஆரம்பத்துல நம்ம கம்பெனியில காய்ச்சிக்கினு இருந்தாரு."

"ஆமாங்க, இருந்தேன்" என்றார் அண்ணன். முறை தவறாமல் எல்லாச் சீரும் செய்தார்.

பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் அந்தச் சோப்பைத்தான் வைத்திருந்தார்கள். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் நின்ற அவர் மகளைக் காட்டி, "பாப்பா சோப்புங்கறாங்களே, அந்தப் பாப்பா நம்ம பொண்ணுதானே?" என்று வாஞ்சையாகக் கேட்டார்.

அண்ணன் வெறும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே, "இல்லீங்க. அது வேற பாப்பா" என்றார்.

இதைச் சொல்லி முடித்தேன். மகன் அழைப்பிதழை மடித்தபடி என்னைப் பார்த்தான்.

"இதுக்காம்மா வரமாட்டேங்கற?" என்றான்.