குரல் கொடுத்த ஜெயபாண்டி

ஜெயபாண்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவன். கொஞ்ச காலம் பனியன் கம்பெனியில் டைலருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்தான். அப்புறம் ஒரு ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்லப் போய்விட்டான். "டைலர்கள், செக்கிங் பெண்கள் உடனடியாகத் தேவை, தங்குமிடம் இலவசம்" என்று அவன் சொன்னால் கல்யாணத்துக்கு அழைப்பது மாதிரி இருக்கும். அவன் குடியிருந்த நல்லூர்ப் பக்கம் அவன் முகம் தெரியாதவர்கள்கூட அவன் குரலை அறிவார்கள். அதை நம்பி மூட்டை கட்டிக்கொண்டு வந்த தெற்கத்திச் சனம் ஏராளம். அவன் மனைவி சித்ராதேவிக்கு முதலிபாளையத்துப் பனியன் கம்பெனியில் வேலை இருப்பது தெரிந்ததும் அந்தக் குழாய் வழியாகத்தான்.

இரண்டாயிரத்து நாலில் ஜெயபாண்டிக்குத் தொண்டை கட்டியது. மிளகுப் பால் குடித்தான், கஷாயம் குடித்தான், கட்டினது கட்டினபடியே இருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குழாயை உள்ளே விட்டுப் பார்த்த டாக்டர், குரல்வளையில் புற்று என்றார்.

"தள்ளிப்போடாதீங்க. இப்பவே அறுத்தா பாதிக் குரலாவது மிஞ்சும்."

அதே ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பேராசிரியர் லிங்கசாமி அவனைப் பிடித்தார். ஒரு பொறியியல் கல்லூரியில் பேசும் கம்ப்யூட்டரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். கொங்கு நாட்டு மனிதர். காப்பி வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, கட்டியிருந்தாலும் உங்களுக்கு இருக்கறது தங்கக் குரலுங்க. இதை அப்படியே மிசின்ல ஏத்திக்கறமுங்க. ஆபரேஷனுக்குப் பொறவு நீங்க எழுத்தைத் தட்டுனாப் போதும், மிசின் உங்க குரல்லயே பேசுமுங்க. மொத மிசினு உங்களுக்குத்தானுங்க."

"டாக்டரு உடனே அறுக்கணும்னாருங்களே?" என்றாள் சித்ராதேவி.

"கொஞ்ச நாள்ல ஒண்ணும் ஆயிராதுங்கம்மா. டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

அவள் புருஷனைத் தனியே இழுத்துப் போய் வேண்டாம் என்று அழுதாள். அவன் கேட்கவில்லை. "பாதிக் குரல வச்சுக்கிட்டு நான் மைக்குல என்னத்தடி பேச? முழுசா இருக்கயிலயே எடுத்து வச்சுக்கிறட்டும்."

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஓர் அறையில் அவனை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார்கள். ஊர்ப் பெயர்கள், கிழமைகள், எண்கள், தலையும் வாலும் இல்லாத வாக்கியங்கள். நடுவில் இருமினால் மறுபடியும் முதலிலிருந்து. கைக்குட்டையில் ரத்தம் பட்டபோது அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பேராசிரியர், "இன்னொருக்காச் சொல்லீருங்க, கடைசி எழுத்துல கரகரப்பு வுழுந்துருச்சுங்க" என்பார். தீபாவளிக்கு முன்னால் முடியும் என்றார்கள். பொங்கல் தாண்டியும் இழுத்தது.

டாக்டர் மறுபடி பார்த்தபோது திட்டக்கூட இல்லை. குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டு, மூச்சு விடக் கழுத்தில் ஓர் ஓட்டை போட்டு அனுப்பினார். ஓட்டையின் மேல் சித்ராதேவி வெள்ளைத் துணி கட்டிவிட்டாள். ஜெயபாண்டி வாயைத் திறந்தால் அதன் வழியே காற்றுக்கூட வரவில்லை.

இதுபோன்ற ஆராய்ச்சிக்கெல்லாம் பணம் ஒதுக்கும் குழு ஒன்று சென்னையில் கூடியது. இனி வரும் ஆண்டுகளில் எதற்கு முதலிடம் என்று தீர்மானிக்கிற கூட்டம். பேராசிரியர் ஜெயபாண்டிக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்து ரயிலில் கூட்டிப் போனார். குளிரூட்டிய அறையில், நீளமான மேஜைக்கு முன்னால் அவனை நிறுத்தினார்கள்.

"அந்தத் துணிய எடுங்க, அவங்க பாக்கட்டும்" என்றார் பேராசிரியர்.

எடுத்தான். ஓர் அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேஜை மேல் வைத்த பேசும் பெட்டியின் விசைப்பலகையில் அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினான். பெட்டி பேசியது: "வணக்கம். என் பெயர் ஜெயபாண்டி. எனக்கு ஊர் உசிலம்பட்டி."

நோய்க்கு முந்திய அவன் குரல், கரகரப்பையெல்லாம் மிசின் வடித்துவிட்டதால் கீறல் இல்லாமல். உறுப்பினர்கள் கைதட்டினார்கள். அப்புறம் அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, அவன் தோளை மெல்ல விலக்கிவிட்டு, தானே தட்டிப் பார்த்தார். "சேலம் செல்லும் ரயில் இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படும்" என்றது பெட்டி. இந்தத் தடவை கைதட்டல் பெரிதாக இருந்தது. எல்லோரும் பெட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பாங்கில் வைக்கலாம், மின்சார ஆபீசில் வைக்கலாம், கோடிக்கணக்கான பேர் கையில் போன் வரப்போகிறது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஜெயபாண்டி துணியைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

பணம் கிடைத்தது. போனில் பேசும் கருவிக்குக் கிடைத்தது. பேச்சிழந்தவர்கள் தொகை சொற்பம், அதை அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்று குழு முடிவு செய்தது. திரும்பும் ரயிலில் பேராசிரியர் பெட்டியைத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஜெயபாண்டி அதைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, சைகையால் கேட்டான்.

"உங்குளுக்கு இல்லாமயாங்க? அடுத்த கட்டத்துல மொத ஆளு நீங்கதானுங்க."

அடுத்த கட்டம் வரவில்லை. ஆட்டோ கைமாறியது. சித்ராதேவியின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. ஜெயபாண்டி சோறு பொங்கினான், தண்ணீர் பிடித்தான். குழாயடியில் யாராவது இடித்துக்கொண்டு முன்னால் போனால் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டாயிரத்து எட்டுக் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றுபோயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்ராதேவியின் போன் அடித்தது. காதில் வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போனை அவனிடம் நீட்டினாள்.

"அன்பார்ந்த தொழிலாளர்களே. நாளை முதல் தங்களுக்கு வேலை இல்லை. கம்பெனிக்கு வர வேண்டாம். நன்றி."

ஜெயபாண்டியின் குரல். கல்யாணத்துக்கு அழைப்பது மாதிரியே இருந்தது.

சந்தில் பாதி வீடுகள் அதே கம்பெனியை நம்பியிருந்தவை. ஒரே நேரத்தில் எல்லா வீட்டிலும் போன் அடித்திருந்தது. பெண்கள் ஒருவர் சேலையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஜெயபாண்டியின் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் ஒச்சாயி. அவனுக்குத் தூரத்துச் சொந்தம், அவன் குழாயில் கூப்பிட்டதைக் கேட்டு ஊரிலிருந்து வந்தவள்.

"வேலைக்கு வா வான்னு கூப்புட்டதும் ஒன் வாயிதான். இப்பப் போன்னு வெரட்டுறதும் ஒன் வாயிதானா? எம்புட்டுடா வாங்குன?"

ஜெயபாண்டி இரண்டு கையையும் ஆட்டினான். கழுத்தைக் காட்டினான்.

"ஊமை வேசம் போட்டுக்கிட்டு நம்ம சனத்தவே அறுத்துட்டான் பாரு!"

"ஏத்தா, இவருக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லத்தா, எனக்கும்தான் வேலை போச்சு!" என்று சித்ராதேவி கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. ஒச்சாயி எட்டி அந்த வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்தாள். துணி கையோடு வந்தது. ஓட்டையிலிருந்து சளியும் காற்றும் சீறின. கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. அவள் மட்டும் நகராமல் நின்று, அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் அவன் கல்லூரிக்குப் போனான். நடந்ததைத் தாளில் எழுதி நீட்டினான். பேராசிரியர் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"அந்தக் குரலை ஒரு போன் கம்பெனி வாங்கிருச்சுங்க. அவங்க ஆருக்கு விக்கறாங்கன்னு நமக்கெப்படீங்க தெரியும்? நீங்களும் மனசாரத்தானுங்க பேசிக் குடுத்தீங்க. போகட்டும், புதுசா ஒரு திட்டம் எழுதியிருக்கறனுங்க. கமிட்டி முன்னால ஒருக்கா வந்து நின்னீங்கன்னா…"

ஜெயபாண்டி எழுந்து மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தான். எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினான்.

"என் குரலை அழித்துவிடுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்" என்றது பெட்டி, கணீரென்று.

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாங்க, 'காலில் விழுகிறேன்' எத்தனை சுத்தமா வருது! போன வருசம் இந்த 'ழு' வராதுங்க." வெளியே எட்டி மாணவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து சுற்றி நின்று, அந்த வாக்கியத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டார்கள். ஜெயபாண்டி எப்போது வெளியேறினான் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நல்லூரில் அப்புறம் இருக்க முடியவில்லை. திருப்பூரின் இன்னொரு பக்கம், வீரபாண்டியில் ஒரு தகரக் கொட்டகைக்குக் குடி மாறினார்கள். அங்கே ஆத்தப்பன் என்பவரின் வேஸ்ட் குடோனில் ஜெயபாண்டிக்கு வேலை கிடைத்தது. பனியன் வெட்டுத் துண்டுகளை நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும். ஆத்தப்பனுக்கு ஆளை ரொம்பப் பிடித்துப்போனது. வருகிறவர்களிடமெல்லாம், "பேச்சில்லாத ஆளுங்க. சம்பளம் கூட்டிக் குடுன்னும் கேக்கமாட்டான், சங்கத்துக்கும் போகமாட்டான்" என்பார்.

குடோனில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு மூக்கு இருந்தது. அவனுக்குக் கழுத்து வழியே நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. சித்ராதேவி துணியை இரண்டாக மடித்துக் கட்டினாள், அப்புறம் நாலாக. மூச்சு முட்டுகிறது என்று அவனே அதைத் தளர்த்திக்கொள்வான். அடுத்த பங்குனியில், குடோனிலேயே, கழுத்தைப் பிடித்தபடி துணிக் குவியலின் மேல் சாய்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் நாலைந்து பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவன் ஒரு சத்தமும் போடாததால், மூட்டை தூக்க ஆள் தேடும் வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.