ஒன்பது திறப்புக்காரர்

கிளி இரவு வேலைக்குப் போகும்போது மகளை உள்ளே விட்டு வெளியே கதவைப் பூட்டி, திறப்பைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவாள். படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்து முடித்தபின், டவுன்டவுன் உணவகச் சமையலறையில் விடியும்வரை சட்டி கழுவுகிற பெண் பத்து வயதுப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும். கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகம் இரவில் திறப்பதில்லை. கணவன் வேறொருத்தியோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். உறவென்று சொல்லிக்கொள்ள இருந்தவர்கள் எல்லாரும் ஊரிலே, மட்டக்களப்புப் பக்கம் வாழைச்சேனையில் இருந்தார்கள்.

மாசி மாதத்தில் பக்கத்துக் கதவுக்காரி யாரிடமோ சொல்லிவிட்டாள். சிறுவர் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பிள்ளையின் கொப்பிகளைப் பார்த்தார், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார், படுக்கையைப் பார்த்தார். போகும்போது பிரெஞ்சில் அவர் சொன்னதை மகள் நிலக்ஷிதான் தாய்க்குத் தமிழில் சொன்னாள்.

"நீங்க பகல் வேலை எடுக்கணுமாம் அம்மா. பங்குனி முடியிறதுக்குள்ள. இல்லாட்டி என்னை வேற ஒரு வீட்டில விடுவாங்களாம்."

சொல்லிவிட்டுப் பிள்ளை அழவில்லை. அந்தப் பெண் கலைத்துப் பார்த்த கொப்பிகளை எடுத்து அடுக்கினாள்.

பகல் வேலை ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தது. தமிழ்ச் சங்கம் ஒன்று முதியோர் இல்லம் ஒன்றோடு பேசி, உதவியாளர் வேலைக்கு இணையத்தில் பயிற்சி நடத்தியது. பாடங்களைக் கைபேசியிலேயே படிக்கலாம். கடைசியில் ஒரு பரீட்சை. பங்குனி நடுவில் ஒரு வியாழக்கிழமை நண்பகலுக்குள் முடித்தவர்களின் பெயர் தானாகவே இல்லத்துக்குப் போகும். அவர்களுக்குத் திங்களிலிருந்து பகலில் வேலை. அடுத்த பயிற்சி அடுத்த வருடம். மெட்ரோவில் நின்றபடியும், சமையலறையின் பின்படியில் குந்தியபடியும் கிளி எல்லாப் பாடத்தையும் முடித்திருந்தாள். பரீட்சை ஒன்றுதான் மிச்சம்.

அதற்கு முதல்நாள், புதன் மத்தியானம், நித்திரையால் எழும்பிப் பயிற்சித் தளத்தைத் திறந்தாள். இந்தப் பயிற்சியில் உங்களுக்குப் பதிவு இல்லை என்று ஒரு வரி நின்றது. மூடித் திறந்தாள். அதே வரி.

இமெல்டாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். இமெல்டா திருகோணமலைக்காரி. ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் ஒரு கம்பனிக்கு இப்படியான கற்றல் தளங்களைப் பராமரிப்பது அவள் வேலை. சங்கத்தின் தளத்தைச் சம்பளமில்லாமல் கட்டிக் கொடுத்தவளும் அவளே.

"அக்கா, உங்கட பேரை ஆரோ எடுத்திருக்கினம்," என்றாள் இமெல்டா.

"எடுத்தா என்ன, திரும்பப் போடுங்க."

"எனக்கு ஏலாது அக்கா."

"நீங்கதானே கட்டின?"

"கட்டினவளுக்குத் திறப்பு இல்லை. அது பெரிய கதை."

பெரிய கதையெல்லாம் இல்லை. வெட்கங்கெட்ட சின்னக் கதை.

இப்படியான தளத்தில் உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அதாவது இன்னார் இன்னது செய்யலாம் என்ற வரம்பு, கொடுக்கப்படும். மாணவர் பாடம் படிக்கலாம், பரீட்சை எழுதலாம். அடுத்தவர் புள்ளியைப் பார்க்க முடியாது. ஆசிரியர் பாடம் போடலாம், திருத்தலாம். நிர்வாகிக்கு எல்லாம் முடியும்: ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், தளத்தையே இடித்துத் தள்ளலாம். யாருக்கு என்ன வேலையோ அதற்குரிய திறப்பு மட்டும் அவர் கையில் இருக்க வேண்டும், ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்பதே இதன் நியாயம். இமெல்டா இதைச் சங்கக் கூட்டத்தில் படம் போட்டு விளக்கினாள். நிர்வாகிகள் இரண்டு பேர் போதும், சங்கச் செயற்குழுவின் மற்றவர்களைப் பார்வையாளர் என்று போடுவோம் என்றாள்.

பொருளாளர் இரவிச்சந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பிள்ளை, முப்பது வரியமாச் சங்கத்தை இழுக்கிற எங்களைப் பார்வையாளர் எண்டு போடப்போறீரோ? கலியாண வீட்டிலை வேலிக்கு வெளியாலை நிண்டு பாக்கிறவையோ நாங்கள்?"

"அண்ணை, அது பதவியில்லை. செய்யிற வேலைக்கான அனுமதி."

"அப்ப நாங்கள் வேலை செய்யிறேல்லை எண்டுறீர்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தீர்மானமும் நிறைவேறியது. குழுவில் இருந்த ஒன்பது பேரும் நிர்வாகிகள். இமெல்டா குழுவில் இல்லை என்று யாரோ ஞாபகப்படுத்த, தளத்தைக் கட்டியவள் அதில் ஆசிரியர் ஆனாள். மேடையில் பொன்னாடை போர்த்துகிற புத்தி கணினிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. பொன்னாடையால் யாருக்கும் சேதமில்லை. இதனால் ஒருத்தியின் பிள்ளை போகலாம்.

"ஒன்பது திறப்புக்காரர் அக்கா," என்றாள் இமெல்டா. "எட்டுப் பேருக்குப் பூட்டு எங்க இருக்கெண்டே தெரியாது. தெரிஞ்ச ஆள் செயலாளர் தியாகராசா அண்ணை மட்டும்தான். அவரிட்டயே போய்க் கேளுங்க."

தியாகராசா கதவைத் திறந்து, உள்ளே வரச்சொல்லி, மனைவியிடம் தேநீர் போடச் சொன்னார். ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"ஓம் பிள்ளை, நான்தான் எடுத்தனான். என்ரை பெறாமகள், தமையன்ரை பிள்ளை தாட்சாயினி, போன கிழமை ஊரிலையிருந்து வந்திட்டா. ஸ்பொன்சர் இப்பதான் சரிவந்தது. வகுப்பு இருபது பேருக்குத்தானே. ஒராள் வெளியிலை வந்தால்தான் ஒராள் உள்ளுக்கை போகலாம்."

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள அவ எப்பிடி அவ்வளவு பாடமும் படிப்பா அண்ணன்?"

"அது, முடிச்சதெண்டு நான் போட்டுவிடுவன். அட்மினுக்கு அதெல்லாம் ஏலும்."

முன்னால் வைத்த தேநீரைக் கிளி தொடவில்லை. "ஏன் என்னை எடுத்த நீங்க?"

"உமக்கு வேலையொண்டு இருக்குத்தானே. அதோடை, சொல்லுறன் எண்டு கோவியாதையும், உங்கடை மட்டக்களப்புப் பக்கத்து ஆக்கள் சங்கத்துக்கு வாறதும் குறைவு. தேத்தண்ணியைக் குடியும், ஆறுது."

கிளி பிள்ளையின் கதையைச் சொன்னாள். சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததை அந்த வரவேற்பறையில் கொட்டினாள். தியாகராசா உண்மையாகவே வருந்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பிடி உடனை பிள்ளையைக் கொண்டுபோக மாட்டினம். நான் ஆரோடையும் கதைக்கிறன். பேந்து பாப்பம்."

வெளியே வந்து தெருவில் நின்றபடியே இரவிச்சந்திரனுக்கு எடுத்தாள். "எனக்கும் அந்த அதிகாரம் இருக்கு, இல்லையெண்டேல்லை," என்றார் அவர். "ஆனா செயலாளர் செய்ததிலை நான் கை வைச்சா அவருக்கு என்ன மரியாதை?" மூன்றாமவர் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டார். நான்காமவர் திருவண்ணாமலையில் கிரிவலம் போய்க்கொண்டிருந்தார். இன்னொருவருக்குத் தான் நிர்வாகி என்பதே அப்போதுதான் தெரியும். தெரிந்ததில் அவருக்கு நல்ல சந்தோஷம். மற்ற மூவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. எல்லாம் செய்யக்கூடிய ஒன்பது பேர். ஒரு பெயரைத் திருப்பிப் போட ஒருவர் இல்லை.

மிஞ்சியவர் பாலாம்பிகை. சங்கத்தைத் தொடங்கியவரின் மனைவி. கணவர் இறந்தபின், அவர் நினைவாகக் குழுவில் இவருக்கு ஓர் இடம். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த திறப்பு. பாலாம்பிகை மகனோடு இல்-பிசார் தீவில் இருந்தார். கிளி வியாழன் காலை வேலையால் வந்து, நிலக்ஷியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, படுக்காமலே வெளிக்கிட்டாள். அந்தத் தீவுக்குப் பஸ் பிடிப்பதே ஒரு தவம். போய்ச் சேரும்போது பத்தரை தாண்டிவிட்டது.

"எனக்கு உதெல்லாம் தெரியாது பிள்ளை," என்றார் பாலாம்பிகை. ஆனாலும் பேரப்பிள்ளைகள் விளையாடுகிற, மகன் சங்கத் தளத்தையும் கடவுச்சொல்லோடு போட்டுவைத்த டாப்லெட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். கிளி தன் கைபேசியில் இமெல்டாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். இமெல்டா அலுவலகப் படிக்கட்டுக்கு வந்து நின்று, தாழ்ந்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்கே தொடவேண்டும், எது பங்கேற்பாளர் பட்டியல், எந்தப் பெயர். பாலாம்பிகை அவள் சொன்ன இடத்தையெல்லாம் தொட்டார். கிளியின் பெயரைத் தேடி அழுத்தினார். சிவப்பில் ஒரு வரி வந்தது: இடம் நிரம்பிவிட்டது.

"ஒராளை எடுக்கச் சொல்லுது," என்றார் பாலாம்பிகை. "ஆரை எடுக்கிறது?"

பட்டியலில் தாட்சாயினியின் பெயர் இருந்தது. நேற்றுவரை கிளிக்கு அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. வேலை தேடுகிற இன்னொரு பெண். இதில் அவள் செய்த பிழை ஒன்றுமில்லை.

"அந்தப் பிள்ளையை எடுங்க," என்றாள் கிளி. சொன்னதும் தன் குரலே தனக்குப் பிடிக்காமல் போயிற்று.

ஒருத்தியைத் தள்ளாமல் இன்னொருத்தி நுழைய முடியாதபடி வாசலைக் கட்டியவனின் கை எப்போதும் சுத்தமாகவே இருக்கும். தள்ளுகிறவளின் கைதான் அழுக்காகும்.

"பொறுங்க, பொறுங்க," என்றது இமெல்டாவின் குரல். "இருபதெண்டு ஆர் சொன்னது? முதியோர் இல்லமா?"

"இல்லைப் பிள்ளை," என்றார் பாலாம்பிகை. "அது மண்டபத்துக் கதிரைக் கணக்கு. முந்தி வகுப்பு மண்டபத்திலைதானே நடந்தது. இருபது கதிரை. இவர் உயிரோடை இருக்கேக்கை நாங்கள்தான் வாங்கிக் குடுத்தது."

"இது இன்ரநெற் அன்ரி," என்றாள் இமெல்டா. "இதில இருக்கிறதுக்குக் கதிரை வேண்டாம். என்னை இருபதெண்டு போடச் சொல்லிச்சினம், நானும் போட்டன். செற்றிங்ஸுக்குள்ள போங்க. அந்த எண்ணை அழியுங்க."

அழித்தார். ஒரு பெண்ணின் பிள்ளையைப் பறிக்கப் பார்த்த எண், விரல் பட்டதும் போய்விட்டது.

"இப்ப கிளி அக்காவைச் சேருங்க. கீழ ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பழைய புள்ளிகளை மீட்கிறதெண்டு. அதில கட்டாயம் சரி போடுங்க, இல்லாட்டிப் படிச்சதெல்லாம் காட்டாது." சரி போட்டார்கள். "அக்கா, கேளுங்க. ஆரையாவது சேர்த்தா ஒன்பது பேருக்கும் மின்னஞ்சல் போகும். தியாகராசா அண்ணை கண்டா உடனை திரும்ப எடுப்பார். பரீட்சை நடுவில எடுத்தா வெளியில தள்ளிவிடும். அதுக்கு முன்னம் எழுதி அனுப்புங்க."

கிளி அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பரீட்சையைத் திறந்தாள். பதினொன்று இருபது. படுக்கையில் கிடப்பவரை எந்தப் பக்கம் திருப்புவது, மருந்தை விழுங்க மறுத்தால் யாருக்குச் சொல்வது. எழுத்துகள் நித்திரையில்லாத கண்ணுக்குள் நீந்தின. பாதி தாண்டவில்லை, பாலாம்பிகையின் தொலைபேசி அடித்தது.

"தம்பி தியாகராசாவே? சுகமோ?"

அந்தப் பக்கம் சத்தம் கிளிக்கே கேட்டது. "அக்கா, உங்கடை பேரிலை ஆரோ உள்ளுக்கை போய்க் கண்டதையும் மாத்தியிருக்கினம். நான் இப்பவே திரும்ப..."

கிளியின் விரல் நின்றுவிட்டது. தியாகராசா தளத்தை நடத்துவது அந்தக் கைபேசியில்தான். அது இப்போது அவர் காதில் இருந்தது. காதிலிருந்து எடுத்தால் கண்ணுக்கு வரும்.

பாலாம்பிகைக்கு அது விளங்கியதோ என்னவோ. கிளியின் முகத்தைப் பார்த்தார். மற்றக் கைக்குத் தொலைபேசியை மாற்றினார். "வையாதை தம்பி, உன்னோடை ஒரு கதை இருக்கு. மண்டபத்திலை என்ரை மனுசன்ரை படத்தைக் கழட்டிப்போட்டியளாம், உண்மையே?"

"ஐயோ அக்கா, பெயின்ற் அடிக்கக் கழட்டினது. நான் பேந்து எடுக்கிறன்..."

"பேந்து எண்டா எப்ப? செத்தவர்தானே எண்டு நினைச்சியளோ? நீ வந்திறங்கேக்கை ஆரின்ரை வீட்டிலை தம்பி படுத்தனி?"

நிறுவியவரின் விதவை பேசும்போது தொலைபேசியை வைக்கத் தியாகராசாவால் முடியாது. அவர் வளர்ந்த விதம் அப்படி. பாலாம்பிகை படத்திலிருந்து சட்டத்துக்குப் போனார், சட்டத்திலிருந்து மண்டப வாடகைக்கு, வாடகையிலிருந்து தியாகராசாவின் மனைவியின் முழங்காலுக்கு. அவருக்கு மூச்சு வாங்கியது. கிளி விடைகளைக் குத்திக்கொண்டே போனாள். கடைசிப் பொத்தானை அழுத்தியபோது நண்பகலுக்கு ஆறு நிமிடம் இருந்தது. சித்தி என்று வந்தது: தேறிவிட்டாள்.

கிளி தலையசைத்தாள். அப்போதும் பாலாம்பிகை வைக்கவில்லை. சுவர் மணிக்கூடு பன்னிரண்டைத் தாண்டிய பிறகே, "சரி தம்பி, அடுப்பிலை சோறு," என்றார்.

சற்று நேரத்தில் கிளியின் கைபேசியில் பழைய வரி வந்து நின்றது: பதிவு இல்லை. தியாகராசா தன் வேலையைச் செய்துவிட்டார். ஆனால் இமெல்டா திரும்ப அழைத்து ஸ்பீக்கரில் சொன்னாள்: "பன்னிரண்டுக்கே பட்டியல் போயிட்டுது அக்கா. உங்கட பேர் இருக்கு." பிறகு, "தாட்சாயினியின்ர பேரும் இருக்கு. ஒரு பாடமும் திறக்காமலே எல்லாம் முடிச்சிருக்கிறா. நாளைக்கு ஒரு கிழவியைத் தூக்கேக்க என்ன செய்வாவோ," என்றாள்.

பாலாம்பிகை டாப்லெட்டை இழுத்துப் பார்த்தார். "இந்த மனுசனிட்டையிருந்து உந்தத் திறப்பை வாங்கேலாதோ?"

"உங்களால ஏலும் அன்ரி. இப்பவே. அவற்ற பேருக்குப் பக்கத்தில பங்கை மாத்தினாச் சரி."

விரல் அந்தப் பெயர்வரை போயிற்று. அங்கேயே நின்றது. "வேண்டாம். பாவம், நொந்துபோவார். பொதுக்கூட்டத்திலை கதைப்பம்."

கிளி குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். "அவர் நொந்துபோவார்," என்றாள். "என்ட பிள்ளைய இழுத்துக் கொண்டுபோயிருந்தா நான் எந்தக் கூட்டத்தில அக்கா கதைச்சிருப்பன்?"

பாலாம்பிகை ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிளி நிற்கவில்லை. அங்கே பஸ் எப்போதாவதுதான் வரும். திங்கள் வருவதற்குள், ஞாயிறு போக, இன்னும் மூன்று இரவு சமையலறைக்குப் போயாக வேண்டும். மூன்று இரவும் பிள்ளை தனியே.