பொங்கல் வரை தொங்கும் நட்சத்திரம்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் வரும். அந்தமான் பக்கம் ஒரு சிறிய தீவில் நான் சபை ஊழியம் செய்கிறேன். என் மனைவி செந்துறையில் பள்ளி ஆசிரியை. டிசம்பர் கடைசி வாரம் ஊருக்கெல்லாம் விடுமுறை, போதகருக்கு வேலை. புத்தாண்டு ஆராதனையை முடித்து, கப்பலில் சென்னை வந்து, ரயிலில் அரியலூர் இறங்கி, பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் பொங்கல் நெருங்கிவிடும்.

அதுவரை அவள் வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்தை இறக்கமாட்டாள். கறி எடுக்கமாட்டாள். புதுப்புடவையைப் பிரிக்கமாட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்பாளாம், “என்னக்கா, பொங்கப்பானையே வாங்கியாச்சு, உங்க சாமி இன்னும் பொறக்கலையா?”

“அவரு கப்பலு ஏறட்டும்டி, பொறந்துருவாரு.”

தீவில் டிசம்பர் வெக்கையாக இருக்கும், இடையிடையே மழை கொட்டும். பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் வீடு வீடாகப் போவேன். சபையார் அநேகமாக ரப்பர் தோட்ட வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்கள். போதகர் வந்து ஜெபித்த பிறகுதான் சோற்றுப் பானையைத் திறப்பார்கள். மொத்தம் முப்பத்தொரு வீடுகள். போகும் வரிசையை முதல் நாளே டைரியில் எழுதி, ஒவ்வொரு வீட்டையும் முடித்ததும் எதிரே ஒரு கோடு போடுவேன். எல்லா வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என் அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இருக்காது. சட்டையைத் துவைத்துக் காயப்போடுவேன். தெருவில் அவரவர் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். செந்துறையில் ஒரு வீட்டில் எனக்காக இன்னும் பானை திறக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அதை வைத்துத்தான் அந்த வாரத்தை ஓட்டினேன். அது இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

போன பண்டிகையில் ஒரு தவறு செய்தேன். பதினாறாம் வீட்டில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. டைரி நனையக்கூடாது என்று பையிலேயே வைத்துவிட்டேன். மழை விட்டபின் எடுத்து மூன்று வீடுகளுக்குச் சேர்த்துக் கோடு போட்டேன். அதில் ஒன்றுக்கு நான் போகவேயில்லை. சாயங்காலம் அந்த வழியாகத் திரும்பும்போது, அந்த வீட்டில் தனியாக இருக்கும் விதவை அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பானை மூடியபடி இருந்தது.

“சாப்புடலையாம்மா?”

“ஐயா ஜெவம் பண்ணாம எப்புடித் தொறக்குறது?”

“இவ்வளவு நேரமா? நீங்களே ஜெபிச்சுட்டுச் சாப்பிட்டிருக்கலாமே.”

“புள்ளைங்க ரெண்டும் போர்ட் பிளேர்ல. நான் ஒருத்தி திங்க கஞ்சி போதும். நீங்க வருவீங்கன்னுதான் கோழி அடிச்சேன்.” பிறகு சிரித்தார். “அடுத்த வூட்டுல ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்களாமே. அதையும் சொன்னாங்க.”

குழம்பு லேசாகப் புளித்திருந்தது. ஜெபித்துவிட்டு, அவர் போட்டதை முழுவதும் சாப்பிட்டேன். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தார். நான் என்னைத் தேற்றிக்கொள்வதற்காகச் செந்துறையில் ஒருத்தியை இரண்டு வாரம் இப்படித்தான் உட்கார வைத்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது.

மறுநாள் சிக்னல் கிடைக்கும் இடமான படகுத்துறைக்கு நடந்துபோய் மனைவியிடம் சொன்னேன். “இனிமே எனக்காகக் காத்திருக்காத. இருபத்தஞ்சாம் தேதியே நீ கொண்டாடிடு.”

“சரிங்க,” என்றாள். கப்பல் என்றைக்கு என்று கேட்டாள்.

அந்த ஜனவரியிலும் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நட்சத்திரம் வாசலில் தொங்கியது. எனக்கு அவ்வளவு நிம்மதி. பெட்டியை வைத்துவிட்டு முதல் வேலையாக அதை இறக்கினேன். எங்கள் வீட்டு முன்னால் நாளெல்லாம் சிமெண்ட் லாரிகள் போகும். ஒரு மாதம் தொங்கிய எதுவும் சாம்பல் நிறமாகிவிடும். நட்சத்திரத்தில் ஒரு விரல் தூசுகூட இல்லை.

“எப்பக் கட்டுன?”

“நேத்து.”

“நான் போன்ல சொன்னதாலயா?”

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “இல்லிங்க. மூணு வருஷமா அப்படித்தான். இருபத்தஞ்சாம் தேதி பெரம்பலூர்ல தங்கச்சி வூட்டுக்குப் போயிடுவேன். அவ புள்ளைங்களோட சாப்புட்டுட்டு வருவேன். ஒத்தையில இருக்க முடியலை. சொன்னா நீங்க அங்க உக்காந்து மருகுவீங்க.”

பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். ஆரம்ப வருடங்களின் ஜனவரிப் பக்கங்களில் எல்லாம், ‘நட்சத்திரம் இறக்கினேன். தூசு. துடைத்தேன்’ என்று இருந்தது. கடைசி மூன்றில், ‘நட்சத்திரம் இறக்கினேன்’ என்பதோடு சரி. என் கையெழுத்துதான்.

மதியம் புதுப்புடவையில் எதிரே வந்து உட்கார்ந்தாள். இரண்டு தட்டுகள், நடுவில் மூடிய பானை.

“ஜெபம் பண்ணுங்க.”

கண்ணை மூடி ஜெபித்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீண்டுவிட்டது. கண்ணைத் திறந்தபோது அவள் ஏற்கெனவே மூடியை எடுத்து, என் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.