பயந்த பிள்ளையும் நனைந்த கூண்டும்

ஜெர்மனியில் ஆய்வுக்கூடத்துக்குள் போனதும் நான் முதலில் செய்வது, போட்டிருக்கும் உடுப்பைக் கழற்றிவிட்டு எலிகளுக்காகத் துவைத்த உடுப்பை மாட்டிக்கொள்வது. நம் நோய் அவற்றுக்கு ஒட்டிவிடக் கூடாதாம். வயல் எலிக்குக் கிட்டி வைத்த ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரியான எனக்கு, கால்நடை மருத்துவம் படித்தும் இந்த மரியாதை இன்னும் பழகவில்லை. இவை தனி வகை எலிகள். இவற்றின் நோய் எதிர்ப்புச் செல்களே கணையத்தைத் தாக்கி இன்சுலினை இல்லாமல் செய்துவிடும். அந்தத் தாக்குதலை அடக்கும் வேறு செல்களைப் பிரித்து, பெருக்கி, நோய் வரும் முன்பே ஊசியில் ஏற்றுகிறோம். பல எலிகள் தப்பிவிடுகின்றன. தப்பாததைக் கூண்டில் பரப்பிய மரத்தூளே காட்டிக்கொடுக்கும். தண்ணீராகக் குடித்து, மூத்திரமாகப் பெய்து கூண்டையே நனைத்து வைத்திருக்கும்.

போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அழைத்தாள். எங்கள் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயல் இன்று அவள் பெயரில் பட்டா. அதன் பக்கத்தில் எரிவாயுக் கிணறு தோண்ட வந்தார்கள். ஊரே வரப்பில் உட்கார்ந்தது. கோட்டையில் எந்தக் கழகம் இருந்தாலும் வருகிற போலீஸ் வேன் ஒரே வேன்தான். அத்தானை அதில் ஏற்றியதை அவர் மகன், ஏழு வயது கவின் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"அன்னிலேருந்து புள்ள பயந்து கெடக்கான்டி. தெனம் பாய நனைச்சிடுறான். வேப்பில அடிச்சுக் கயிறும் கட்டியாச்சு."

"தண்ணி நெறைய குடிக்கிறானா?"

"சொம்பு சொம்பா குடிக்கிறான். வெயிலு அப்படி. ஒடம்புதான் தேறல."

எனக்கு நனைந்த கூண்டுதான் கண்முன் வந்தது. பக்கத்தில் இருந்த, உடன் வேலை செய்யும் ஆண்ட்ரியாவிடம், அக்கா மகன் பாயை நனைக்கிறான் என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவள் சிரித்தாள். தன் மகனும் பள்ளியில் சேர்ந்த புதிதில் அப்படித்தான், திட்டாமல் விட்டாலே சரியாகிவிடும் என்றாள். பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

"அக்கா, இப்பவே தஞ்சாவூருக்குத் தூக்கிட்டுப் போ. ரத்தத்துல சக்கரை பாக்கச் சொல்லு."

"சின்னப் புள்ளைக்கு ஏதுடி சக்கர? எலியப் பாத்துப் பாத்து ஒனக்குத்தான் பயம் புடிச்சிருக்கு."

கத்தினேன். அழுதேன். அவள் கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, பிள்ளை மூச்சு வாங்கியபடி தீவிர சிகிச்சையில் கிடந்தான். பிழைத்துக்கொண்டான். இனி தினமும் இன்சுலின் ஊசி.

"நீ எலிக்குப் போடுறியே, அத இவனுக்குப் போட முடியாதா?" என்றாள் அக்கா, வீடு திரும்பியபின் வீடியோ அழைப்பில். முற்றிய பிறகு அது எலிக்கே உதவுவதில்லை, மனிதருக்கு இன்னும் வரவும் இல்லை என்றேன். அவள் மடியில் கவினின் தங்கை, சின்னவள், தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கும் வருமா?"

வரலாம், வராமலும் போகலாம் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பயம்தான் இப்போது என்னைத் தின்கிறது. பொங்கலுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று என்றேன். ஒவ்வொரு முறையும் எப்போது வருவாய் என்று நச்சரிப்பவள் அவள்.

"நீ வராத. இவளுக்கு வர்றதுக்குள்ள அங்கயே இருந்து மருந்தக் கண்டுபுடி" என்றாள்.

பாதி அடுக்கிய பெட்டி கட்டிலில் திறந்தே கிடக்கிறது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மிச்ச இடத்தில் படுத்துக்கொள்கிறேன்.