சித்தப்பாவின் தனி

எங்கள் வீட்டாருக்குக் கச்சேரி கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவோம். மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு, மார்கழியில் ஒரு நாளைக்கு இரண்டு சபா ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள். ஆனால் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மற்றவர்கள் ஓய்ந்து மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் வாசிக்கத் தொடங்கினாரோ இல்லையோ, அத்தை பையை எடுப்பாள், அப்பா செருப்பைத் துழாவுவார், எல்லோருமாகக் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவோம். கீரை வடை சூடாகக் கிடைக்கும் நேரம் அதுதான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இந்தப் பழக்கம் சித்தப்பாவின் தலையில் விடியப் பார்த்தது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. வங்கியில் வேலை. கல்லூரி நாட்களில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள். தாத்தா காலமானபின் குடும்பப் பொறுப்பு அப்பா மேல் விழுந்தது. அவர் டிரம்ஸைத் தூக்கிச் சாந்தோம் பக்கம் ஒரு பாட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, தம்பியைப் பரீட்சைக்குப் படிக்க உட்கார வைத்தார். சித்தப்பாவும் மறுபேச்சில்லாமல் எழுதிப் பாஸ் செய்தார். அதற்கப்புறம் அண்ணன் தம்பி மழையைப் பற்றிப் பேசுவார்கள், மெட்ரோ தண்ணீர் வராததைப் பற்றிப் பேசுவார்கள். டிரம்ஸைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார்கள்.

இருபத்தைந்து வருடம் கழித்து, அந்தக் காலத்துச் சென்னை ராக் குழுக்களையெல்லாம் தேடிப் பிடித்து, அடையாறில் ஒரு திறந்தவெளி அரங்கில் ஒரே மேடையில் ஏற்றுவதென்று யாரோ புண்ணியவான்கள் முடிவு செய்தார்கள். சித்தப்பாவின் குழுவுக்கும் அழைப்பு வந்தது. தி. நகரில் ஒரு நண்பரின் ஜவுளிக் கிடங்கில் ஒரு மாதம் ஒத்திகை. வீட்டுக்கு நாலு பாஸ் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். அப்பா எண்ணிப் பார்த்து, "போலாமே" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன் சித்தப்பா என்னை மட்டும் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார்.

"இத பாரு, கடைசிப் பாட்டுல எனக்குத் தனி இருக்கு. நாலு நிமிஷம். உங்கப்பா பழக்கதோஷத்துல எழுந்து போயிடுவார். நீ பக்கத்துல உக்காந்துண்டு எப்படியாவது பிடிச்சு வெச்சுக்கோ. அண்ணா ஒரே ஒரு தடவை முழுசாக் கேட்டுட்டார்னா போறும்டி எனக்கு."

உலகமே என் கையில் இருப்பதுபோல நான் தலையாட்டினேன்.

அரங்கில் உட்கார்ந்ததும் அம்மா ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுத்துக் காதில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். மேடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தொந்தி. ஒருவர் முன்பக்கம் வழுக்கையும் பின்பக்கம் குடுமியுமாக இருந்தார். இன்னொருவர் கர்ஜித்துக்கொண்டே பாடி, நடுவில் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த வரியைக் காகிதத்தில் பார்த்தார். "நம்ம பல் டாக்டர்னா இவர்!" என்று அத்தை கத்தினாள். அவரேதான். எங்களுக்கு முன்னால் மாமாக்களும் மாமிகளும் குதியோ குதியென்று குதித்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள். எத்தனை சந்தோஷம் அந்த முகங்களில்! அப்பா தொடையில் தாளம் போட்டபடி, "நாலு நாலா எண்ணினாப் போறும், பேஷ்" என்றார்.

கடைசிப் பாட்டு வந்தது. கிடார்க்காரர்கள் ஒதுங்கினார்கள். சித்தப்பா மட்டும் வாசிக்க ஆரம்பித்தார். அத்தை பையை எடுத்தாள்.

"வடை தீர்ந்துடும், வாங்கோ."

அம்மாவும் அத்தையும் போய்விட்டார்கள். அப்பாவும் எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தொங்கினேன். "உக்காருப்பா!"

"வந்துடறேன்டி, விடு."

எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "வயத்தை வலிக்கறதுப்பா!" என்று சுருண்டுகொண்டேன். வலி என்றால் மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார் என்பது என் கணக்கு. என்ன மூளை பாருங்கள்! அப்பா பதறிப்போய், ஒன்பது வயதுக் கழுதையை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். "சரியாப் போயிடுத்துப்பா, இறக்கிவிடு" என்று நான் அழ அழ, இன்னும் வேகமாக நடந்தார்.

கேன்டீன் மேடைக்குப் பின்புறம் இருந்தது. "இன்னா சார், பாப்பாவுக்கு இன்னா ஆச்சு?" என்றார் கடைக்காரர். அப்பா சொன்னதும், "ஒரு பன்னீர் சோடா குடு சார். ஏப்பம் வந்தா எல்லாம் சரியாப் பூடும்" என்று பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

அப்பா என்னை மடியில் சாய்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். காதுப் பஞ்சை எடுத்துக் கீழே போட்டார். ஒரு கை என் முதுகில். விரல்கள் மெதுவாகத் தட்டின, சரசரவென்று ஓடின, நின்றன, மறுபடி ஓடின. மேடையில் சித்தப்பா இடி இடியென்று இடித்துக்கொண்டிருந்தார். அத்தை வடையை நீட்டியபோது, "சித்த சும்மா இரேன்!" என்று அப்பா அதட்டினார். நான் காரியத்தைக் கெடுத்துவிட்ட துக்கத்தில் சோடாவோடு கண்ணீரையும் குடித்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டல் ஓய்ந்து கூட்டமெல்லாம் கேன்டீனுக்கு வந்தபின், சட்டை தொப்பலாக நனைந்து சித்தப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மேடை வெளிச்சத்தில் அவருக்கு எங்கள் நாற்காலிகள் தெரிந்திருக்கவில்லை.

"அண்ணா கேட்டாராடி?"

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "முழுசாக் கேட்டார் சித்தப்பா" என்றேன்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்தார். அப்பா வந்து, "வேர்த்துக் கொட்றது, ஃபேன்கிட்ட நில்லு" என்றார்.

மறுநாள் காலை பொய் சொன்ன பாவத்துக்காகப் பிள்ளையார் முன்னால் பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டேன்.

அந்தக் கச்சேரியை யாரோ எடுத்த வீடியோ போன வருடம் சித்தப்பாவின் கைப்பேசிக்கு வந்தது. கூடத்தில் போட்டுக் காட்டினார். "இந்தத் தனி இருபது வயசுல நானும் அண்ணாவும் ஒரே ரூம்ல இருக்கறச்சே போட்டது. ஒரு அடி மாத்தலை" என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையில் தட்ட ஆரம்பித்தன. சத்தம் வருவதற்கு ஒரு கண நேரம் முன்னாலேயே ஒவ்வொரு அடியும் விழுந்தது. அந்த அடிகளை நான் முன்பே அறிவேன். என் முதுகில் இதேபோல ஒரு கணம் முந்தி விழுந்தவை. முதல் தடவையாகக் கேட்கிற யாருக்கும் அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாது. அன்று என்னைத் தூக்கிக்கொண்டு போன மனிதர் அந்த நாலு நிமிஷத்தையும் இருபத்தைந்து வருடமாக மனப்பாடமாக வைத்திருந்தார், அதை ஒன்றுவிடாமல் எனக்கும் கொடுத்தார். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! வயிற்று வலிக்குத் தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். சித்தப்பாவிடம் சொன்னது பொய் என்றும் நினைத்தேன்.