ஜெபினின் எடையும் என் கரண்டியும்

அங்கன்வாடியில் சமைப்பவளுக்குச் சம்பளம் ஆபீசிலிருந்து வரும். மார்க் போடுவதோ ரெண்டு வயதுப் பிள்ளைகள். வாயை இறுக்க மூடிக்கொள்ளும் ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்தால், நாம் சொந்தக்காரர்கள்.

என்னைத் தோற்கடித்தவன் ஜெபின். பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் ரோஸ்லினின் கடைசி மகன். எடை வரைபடத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தான். "அடுத்த தடவையும் கூடலேன்னா டவுன் ஆஸ்பத்திரியில அட்மிட் செய்யணும், கேட்டோ" என்றார் மலையாளத்து டீச்சர். ரோஸ்லின் அவனோடு போய்க் கிடந்தால் மூத்த ரெண்டையும் யார் பார்ப்பது?

பச்சைக் கூழ்

கேழ்வரகுக் கூழில் முருங்கையிலையை அரைத்துக் கலந்தேன். எத்தனை கரண்டி உள்ளே போகிறது என்று எண்ணுவது என் பழக்கம். மூன்று போனது, நாலு வந்தது. என் சேலையைத் துடைத்துவிட்டுக்கொண்டே ரோஸ்லின் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க பெரியம்மா, எங்க ஆடே இதை மோந்து பாத்துட்டுத்தான் திங்கும்."

டப்பாவில் ஒரு பிள்ளை

அடுத்தது ஏத்தங்காய், அதாவது நேந்திரம் வாழைக்காய்ப் பொடி. காயைச் சீவிக் காயவைத்து, திரித்து, ரெண்டு தரம் சலித்து, காய்ச்சிக் கொடுக்கச் சொல்லி, அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்கே கொண்டுபோனேன். ஜெபினின் அப்பன் மணிக்கோ விதுரா டவுன் கடையில் பார்த்த டப்பா மாவின்மேல்தான் கண். அதிலும் மாவும் சீனியும்தானே என்று முணுமுணுத்தேன். சத்தமாகச் சொல்லக் கூச்சம். அவனுக்குக் கேட்டுவிட்டது. "டப்பா மேல கொழுகொழுன்னு ஒரு பிள்ளை இருக்கு பெரியம்மா. உங்க பொட்டலத்துல யாரு இருக்கா?"

சாயாவுக்கு அடை

பொடி சீக்கிரமே தீர்ந்தது. ஜெபினுக்கு எடை கூடவில்லை. சந்தேகப்பட்டு சாயா நேரத்தில் லயத்துக்குப் போனேன். மணி அந்தப் பொடியில் வெல்லம் பிசைந்து அடை சுட்டுத் தின்றுகொண்டிருந்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். கோபத்தோடு தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. திட்ட வாயெடுக்கும்போது, ஜெபின் தள்ளாடி நடந்து வந்து அப்பன் தட்டிலிருந்த அடையைப் பறித்து வாயில் திணித்தான். ரெண்டாவதையும் பறித்தான்.

மறுநாள் முதல் மரச்சீனிக் கிழங்கை அவித்து மசித்து, வறுத்த நெத்திலியைப் பொடித்துப் போட்டு, தேங்காயெண்ணெய் விட்டு, மணியின் தட்டிலேயே வைக்கச் சொன்னேன். அவன் தின்பதுபோல் நடிக்கவேண்டும், தின்னக்கூடாது. ஒரு வாரம் நடித்தவன் என்னிடம் வந்து நின்றான். "பிள்ளை கூடுதோ என்னவோ பெரியம்மா, நான் குறைஞ்சாச்சு."

எடை நாள்

ரோஸ்லின் ஜெபினுக்கு ஸ்வெட்டர் போட்டுத் தூக்கி வந்தாள். ரெண்டு பையும் புடைத்திருந்தன. கைவிட்டுப் பார்த்தால் அவித்த பலாக்கொட்டை! பதினொன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். ஸ்வெட்டரையும் கழற்றினேன். ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள். தராசு முள் ஆடி நின்றது. டீச்சர் வரைபடத்தில் புள்ளி வைத்து, "கோடு தாண்டியாச்சு கேட்டோ" என்றார். ரோஸ்லின் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "மேசையில இருக்க கொட்டையையும் சேத்து எழுதுங்க டீச்சர், அதுவும் அவன் வயித்துக்குத்தான் போகப்போவுது."

பிள்ளை கூடினால் அப்பன் தட்டின் ராசி, கூடாவிட்டால் பெரியம்மாவின் கைப்பக்குவக் கோளாறு என்பதுதான் இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் தீர்ப்பு.