விமானப் பள்ளிக்கு அக்கா எடுத்துப்போன அளவு நோட்டு

எங்கள் தையல் கடைக்கு எதிரேதான் விமானி பயிற்சிப் பள்ளி. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் எங்கள் கடையில்தான் தைப்பார்கள். தைப்பது அக்கா. அயர்ன் பண்ணுவது நான், வாயடிப்பதும் நான். பள்ளியில் சேரும்போது வெறும் தோள். தனியாக ஒரு தடவை விமானம் ஓட்டிவிட்டால் தோளில் ஒரு தங்கக் கோடு. முதல் லைசென்ஸ் வாங்கினால் இரண்டு. சம்பளத்துக்கு ஓட்டுகிற லைசென்ஸ் வாங்கினால் மூன்று. அந்தக் கோடுகளையும் அக்காதான் தைப்பாள். தைத்ததும் அளவு நோட்டில் அந்தப் பெயருக்கு நேராக டிக் போடுவாள்.

அக்கா மகள் படிப்பை முடித்த கையோடு, "நான் பைலட் ஆகணும் மாமா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சலூன், டீக்கடை, மருந்துக்கடை என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தேன்.

பள்ளி மேனேஜர் கடைக்கே வந்துவிட்டார். முழுக் கட்டணத்தையும் திங்கட்கிழமைக்குள் கட்டினால் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடியாம். யூனிஃபார்ம் இலவசமாம்.

"அதைத் தைக்கிறதே நான்தானே?" என்றாள் அக்கா. மேனேஜர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், மடையன்.

அவ்வளவு பணத்துக்கு ஒரே வழி, கடையை அடமானம் வைத்து பேங்கில் கடன். அத்தான் இறந்த பிறகு எங்கள் மூன்று பேருக்கும் சோறு போடுவது அந்தக் கடைதான். கடன் ஃபாரம் எல்லாம் நிரப்பியாகிவிட்டது, அக்காவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

சனிக்கிழமை ஒரு பையன் பேன்ட்டோடு வந்தான். பள்ளியில் படிக்கிறவன்தான்.

"இடுப்பு டைட்டா இருக்குக்கா. கொஞ்சம் விட்டுக் கொடுங்க."

அக்கா நோட்டைப் புரட்டினாள். பழைய அளவு முப்பது. டேப்பைச் சுற்றினால் முப்பத்து நாலு.

"நல்லா சாப்பிடுற போல. தோள்ல கோடு ஏதும் தைக்கணுமா தம்பி?"

அவன் முகம் சுருங்கிப் போனது. "இன்னும் பறக்கவே விடலக்கா. பிளேன் ரிப்பேர்ல இருக்கு."

நோட்டில் இருந்த தேதியைப் பார்த்தாள் அக்கா. இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவன் போனதும் என்னைக் கூப்பிட்டு, "எண்ணுடா" என்று நோட்டை நீட்டினாள். நான் எண்ணினேன். நாலு வருடத்தில் சட்டை தைத்துப் போனவர்கள் அறுபத்தொரு பேர். ஒரு கோடு தைத்தவர்கள் பத்தொன்பது. இரண்டு கோடு நாலு பேர்.

"மூணு கோடு?"

திரும்ப எண்ணினேன். ஒருவர்கூட இல்லை.

"என் கையாலதானே தைச்சேன், எனக்கு உறைக்கவே இல்ல பாரு" என்றாள். "இன்னைக்கு வாங்கின அட்வான்ஸ்ல நேத்து வந்தவங்களுக்குத் துணி எடுத்தா கடை எப்படி ஆடும்னு எனக்குத் தெரியும்டா. ஒரு வருஷம் நானே அப்படி ஓட்டினவதானே. அந்தப் பள்ளியும் அப்படித்தான் ஓடுது."

எனக்கு வந்ததே கோபம்! தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், இனி எந்த முகத்தோடு சலூனில் போய் உட்காருவேன்? ஆனால் அக்கா மகளின் கண் கலங்கியதைப் பார்த்து என் கோபம் அடங்கிவிட்டது.

"அப்போ நான் பறக்கவே வேண்டாமாம்மா?"

"யாருடி அப்படிச் சொன்னா? முதல்ல பற. பறந்துட்டுக் காசு கொடு."

திங்கட்கிழமை மூன்று பேரும் நோட்டோடு பள்ளிக்குப் போனோம். "ஒரு மணி நேரம் பறந்தா அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு. சரியா?" என்று அக்கா கேட்டாள்.

"அப்படி இங்க வழக்கமில்லைங்க மேடம்."

"மூணு கோடு போட்ட ஒருத்தரைக் காட்டுங்க. இப்பவே முழுசும் கட்டிடறேன்."

மேனேஜர் தண்ணீர் குடித்தார். வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து விமானங்கள் நின்றன. ஒன்றுக்கு முன்விசிறியே இல்லை. இன்னொன்றின் சக்கரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல். எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

மூன்று வாரம் போன் போட்டுப் போட்டு ஒரு சின்ன ஃபிளையிங் கிளப்பைக் கண்டுபிடித்தேன். பஸ்ஸில் நாலு மணி நேரம். இரண்டே விமானங்கள், ஆனால் இரண்டும் பறந்துகொண்டிருந்தன. பறந்த நேரத்துக்கு மட்டும் காசு. தள்ளுபடி கிடையாது, மொத்தமாகப் பார்த்தால் செலவு அதிகம்தான். "போனா ஒரு மணி நேரக் காசு போகும். கடை போகாது" என்றாள் அக்கா. முதலில் கண், காது, இதயம் எல்லாம் டாக்டரிடம் காட்டித் தேறிவிட்டு வரும்படி மகளிடம் சொன்னாள். கையெழுத்துப் போடாத கடன் ஃபாரத் தாள்களை ஒன்றாக ஒட்டி, மகளின் சட்டைத் தோளுக்கு அளவுத்தாளாக வெட்டினாள். கையில் காசில்லாத வாரங்களில் மகள் பறக்கவில்லை, கடையில் உட்கார்ந்து பட்டன் தைத்தாள்.

ஐந்தாவது மாதம் எதிர்ப் பள்ளியின் கேட்டில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பையன் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "முழுசும் கட்டியிருந்தேன்க்கா" என்று மட்டும் சொன்னான். அந்த நாற்காலியில் எங்கள் பெண் உட்கார்ந்திருக்க வேண்டியது.

அதே வாரம் கிளப்பிலிருந்து போன். "நாளைக்கு உங்க பொண்ணைத் தனியா விடறோம்!"

மறுநாள் அக்காவும் நானும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். வழியெல்லாம் நான் அக்காவை நச்சரித்தேன். "கோட்டை இப்பவே தைச்சு வச்சிடுக்கா!"

"பறக்கட்டும்டா."

பறந்தாள்! ஓடி, எழும்பி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பூப்போல வந்து இறங்கினாள். நான் கத்திய கத்தலில் கிளப்பின் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த கிளப்பில் கோடு போடுகிற வழக்கமே கிடையாது. அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. மகளின் சட்டைத் தோளில் இருந்த பட்டியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஊசியை எடுத்தாள். இருட்டில்கூட ஒரே தடவையில் நூல் கோர்க்கிறவளுக்கு அன்றைக்கு மூன்று தடவையும் தப்பியது. நான்தான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன்.

கோட்டைத் தைத்து முடித்து, நோட்டில் டிக் போட்டாள். பிறகு டேப்பை எடுத்து, அங்கேயே மகளின் இடுப்பைச் சுற்றினாள்.

"இருபத்தெட்டு. சேர்ந்த அன்னைக்கும் இருபத்தெட்டுதான்" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். மூன்று பேரும் அழுதோம், இதில் என்ன வெட்கம்?

அப்புறம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகள் அன்றைக்குப் பறந்த நேரத்துக்குக் காசு கட்ட கவுண்டரைப் பார்த்து நடந்தாள்.